பட்டறைக் கேள்வி பதில்: பக்கியை உயர்த்தினால் என்ன ஆகும்?

போன இதழில் ஷாக் அப்சார்பர் பற்றி நாலு வரி எழுதப்போக, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பக்கிக்கு, அதாவது பின்னால் சாமான் தட்டு உள்ள பிக்கப் வண்டிக்கு, லிஃப்ட் போட்டுப் பாடியை உயர்த்துவது. டர்பனில் இப்போது தெருவுக்குத் தெரு ஒரு வண்டியாவது ஒட்டகம் மாதிரி எழும்பி நிற்கிறது. அதனால் கிளட்ச், ஏசி, டீசல் பம்ப் கேள்விகள் எல்லாம் இந்த மாதம் வரிசையில் நிற்கட்டும். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"அண்ணா, என்னுடையது 2018 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், ஃபோர் பை ஃபோர். முன்னால் ஷாக்குக்கு மேல் ஸ்பேசர் வைத்து 50 மி.மீ. உயர்த்தினேன். பின்னால் நீள ஷேக்கிள் போட்டேன். டயரும் 265/65 ஆர் 17-லிருந்து 265/70-க்கு மாற்றினேன். ஊருக்குள் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் என்-3 ரோட்டில் ஜொகன்னஸ்பர்க் போகும்போது வண்டி ஒரு கோட்டில் நிற்பதில்லை. லாரியைத் தாண்டினால் தள்ளாடுகிறது. வளைவில் சாய்கிறது. ஸ்பீட் ஹம்ப் இறங்கும்போது முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். அலைன்மென்ட் செய்தாச்சு. உயரம் கூடினால் இப்படித்தான் இருக்குமா?" — சாட்ஸ்வொர்த் வாசகர்

இல்லை தம்பி. நீங்கள் எழுதியிருப்பதில் உயரத்தால் வந்தது ஒன்றுதான், அந்தச் சாய்வு. மற்றதெல்லாம் உயர்த்திய விதத்தால் வந்தது.

ஊருக்குள் ஸ்டீயரிங் லேசானது என்று மகிழ்ந்தீர்களே, நோயின் முதல் அறிகுறியே அதுதான். முன் சக்கரத்தின் மேல் பால் ஜாயின்டையும் கீழ் பால் ஜாயின்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது செங்குத்தாக நிற்காது. மேல் முனை கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் காஸ்டர் என்கிறோம். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராவதும், வேகத்தில் வண்டி நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதும் அதனால்தான். முன்பக்கத்தை உயர்த்தும்போது சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்ம்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன, காஸ்டர் குறைகிறது. குறைந்தால் சும்மா நிற்கும்போது திருப்புவதற்குச் சுகம். வான் ரீனன் கணவாயில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதும், பெரிய லாரியின் காற்றை வெட்டிக்கொண்டு தாண்டும்போதும் அந்தச் சுகம் கசந்துபோகும். வண்டி அலையும், நீங்கள் திருத்துவீர்கள், மறுபக்கம் அலையும். ஹாரிஸ்மித் போய்ச் சேர்வதற்குள் தோள் இரண்டும் கல்லாகிவிடும்.

"அலைன்மென்ட் செய்தாச்சு" என்கிறீர்கள். காகிதம் கொடுத்தார்களா? அதில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருப்பது), கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பது), காஸ்டர் என்று மூன்று இருக்கும், இடது வலது தனித்தனியாக, செய்வதற்கு முன்னும் பின்னும். பல கடைகளில் டோவை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டு, காஸ்டர் சிவப்பாகவே இருக்க, பில்லைப் போட்டுவிடுவார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. டோவுக்கு டை ராட் நட்டைத் தளர்த்தினால் போதும். காஸ்டருக்குக் கீழ் ஆர்மின் உள்முனையில் இருக்கும் கேம் போல்ட்டுகளைத் திருப்ப வேண்டும். முட்டை வடிவ வாஷர், ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். நம் கடலோரத்தில், அதுவும் பிளஃப் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில், அந்த போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருக்கும். ஸ்பேனரைப் போட்டால் போல்ட் சுற்றாது, ரப்பர் புஷ்தான் முறுக்கிக்கொள்ளும். அதை வெட்டி எடுத்துப் புதிது போட அரை நாள் ஆகும். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? டோவைச் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் வண்டியைக் குழியில் ஏற்றினால் முதலில் பார்ப்பது அந்த வாஷர்களைத்தான். கோடு கடைசி எல்லையில் நின்று, அப்படியும் காஸ்டர் போதவில்லை என்றால் சரிசெய்யும் இடமே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 50 மி.மீ. உயர்த்திய ஹைலக்ஸில் இது சகஜம். அதற்கு மருந்து மேல் ஆர்மை மாற்றுவது: பால் ஜாயின்டைப் பின்னால் தள்ளி வைத்துச் செய்த ஆர்ம்கள் கிடைக்கின்றன. லிஃப்ட் கிட் விற்பவர் இதை முதலில் சொல்ல மாட்டார். சொன்னால் விலை எகிறிவிடும்.

அப்புறம் அந்த 'டக்'. ஷாக்குக்கு மேலே வைக்கிற ஸ்பேசர் இருக்கிறதே, பார்க்க ஒரு வளையல் தடிமன்தான், ஏறத்தாழ 25 மி.மீ. ஆனால் ஷாக் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். அதனால்தான் சின்னக் கட்டைக்கு 50 மி.மீ. கிடைக்கிறது. கெடுதலும் அங்கேதான். ஷாக் முழுதாக நீளும்போது சக்கரம் கம்பெனி நினைத்ததைவிட இன்னும் 50 மி.மீ. கீழே தொங்கும். அந்தக் கோணத்துக்கு மேல் பால் ஜாயின்டும் செய்யப்படவில்லை, சக்கரத்தைச் சுற்றும் தண்டின் சிவி ஜாயின்டும் செய்யப்படவில்லை. சில வண்டிகளில் மேல் ஆர்ம் ஸ்பிரிங்கையே தொடும். டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் மேல் சுற்றைப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து பளபளவென்று இருந்தால் சத்தத்துக்கு ஆள் கிடைத்துவிட்டான். கையோடு சிவி ஜாயின்டை மூடும் ரப்பர் உறையான சிவி பூட்டின் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். சாய்வான கோணத்தில் மடிப்போடு மடிப்பு உரசி ரப்பர் கிழியும், கிரீஸ் ரிம்மின் உள்பக்கம் தெறித்திருக்கும். கிழிந்து மணல் உள்ளே போனால் ஜாயின்டே போச்சு.

சாய்வுக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போடலாம். இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுத்தால் ஒரு எண் வரும். எண் குறையக் குறைய வண்டி கவிழ்வது சுலபம். அமெரிக்காவில் வண்டிகளுக்குக் கவிழும் அபாயத்துக்கான நட்சத்திரம் கொடுக்கவும் இந்த எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அகலம் 1.54 மீட்டர், மைய உயரம் 0.70 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.10 வரும். 50 மி.மீ. உயர்த்தினால் சக்கரம், ஆக்ஸில் எல்லாம் கீழேயே நிற்பதால் மையம் ஒரு 42 மி.மீ. ஏறும். எண் 1.04 ஆகும். உங்கள் டயர் இன்னொரு 13 மி.மீ. தூக்குகிறது, 1.02. ஒரு சாதாரண கார் 1.4 பக்கம் நிற்கும் என்பதை நினைத்துக்கொண்டால், பக்கிக்கு இருப்பதே கொஞ்சம், அதிலும் நாம் கிள்ளுகிறோம் என்பது புரியும். 2016-இல் ஸ்வீடன் மோட்டார் பத்திரிகை ஒன்று, திடீரென்று குறுக்கே வரும் மிருகத்தைத் தவிர்ப்பது போல ஓட்டிப் பார்த்த சோதனையில், லிஃப்ட் எதுவும் இல்லாத ஹைலக்ஸே மணிக்கு 60 கி.மீ. அளவில் இரண்டு சக்கரத்தில் எழும்பியது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சமமான தாரில், அளவான வேகத்தில், அந்தச் சோதனை மாதிரி திடீரென்று வெட்டாதவரை, எண் 1-க்கு மேல் இருந்தால் பொதுவாக வண்டி கவிழ்வதற்குமுன் டயர் வழுக்கிவிடும். பெரும்பாலும் கவிழ்வது எப்போது என்றால், ரோட்டின் ஓரத்தை விட்டு இறங்கிய சக்கரம் மண்ணில் புதைந்து இடறும்போது. மாடு குறுக்கே வந்தது, ஸ்டீயரிங்கை வெட்டினார், இடது சக்கரம் சரளையில் இறங்கியது, பதறி வலதுபுறம் வெட்டினார். கவிழ்ந்து வந்த வண்டிகளின் கதை பெரும்பாலும் இதே கதை. அந்த நொடியில் உங்களுக்கு இருந்த கொஞ்ச மிச்சம்தான் இப்போது குறைந்திருக்கிறது. வண்டி வழுக்கினால் தானாகப் பிரேக் போட்டுத் திருத்தும் வி.எஸ்.சி. காப்பாற்றும் என்பார்கள். நிறையக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் அதன் கணக்கெல்லாம் கம்பெனி உயரத்துக்குப் போட்டது.

பின்னால் நீள ஷேக்கிள் வேறு (லீஃப் ஸ்பிரிங்கின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புப் பட்டை). ஷேக்கிளை எவ்வளவு நீட்டினாலும் வண்டி அதில் பாதிதான் உயரும். நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டில் அசைய இடம் கொடுப்பதால் வேகத்தில் பின்பக்கம் தனியாக ஆடுவது போல இருக்கும். ஆக்ஸிலும் கொஞ்சம் சுழன்று, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ப்ராப்ஷாஃப்ட்டின் கோணம் மாறும். புறப்படும்போது சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் தெரிகிறதா? அதுதான் இது.

நானாக இருந்தால் ஸ்பேசரையும் ஷேக்கிளையும் கழற்றி எறிவேன். 40 மி.மீ. அளவுக்கு, வண்டியில் எப்போதும் இருக்கும் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங், அதோடு பொருந்தும் ஷாக், பின்னால் புது லீஃப் செட், மேல் ஆர்ம், அப்புறம் காஸ்டர் உட்பட முழு அலைன்மென்ட். எடைக்கு ஏற்ற என்பதை அழுத்திச் சொல்கிறேன். புல்பாரும் வின்ச்சும் வைத்த வண்டியின் ஸ்பிரிங்கை, ஒன்றும் வைக்காத வண்டியில் போட்டால் அது குதிரை. சரளை ரோட்டின் அலை மேடுகளில் சக்கரம் தரையைத் தொடுவதைவிடக் காற்றில் இருப்பதுதான் அதிகம், தரையைத் தொடாத டயர் பிரேக்கும் பிடிக்காது, வளையவும் வளையாது.

கடைசியாக ஒன்று. எதற்கு உயர்த்தினீர்கள் என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன், காணோம். கரும்புத் தோட்டத்து நடுமேட்டில் பின் டிஃப் (ஆக்ஸிலின் நடுவிலுள்ள கியர் குண்டு) இடிக்கிறது என்பதற்காக என்றால், லிஃப்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பிரிங் தூக்குவது பாடியை மட்டும். டிஃப் ஆக்ஸிலோடு அங்கேயேதான் இருக்கும். அதைத் தூக்கியது உங்கள் டயரின் 13 மி.மீ. மட்டுமே. (அதே டயரால் ஸ்பீடோமீட்டர் 120 காட்டும்போது முன்பைவிடச் சுமார் நான்கு கி.மீ. கூடுதலாகப் போகிறீர்கள். கேமரா முன் நினைவிருக்கட்டும்.)

"ஐயா, நான் கரும்பு வெட்டும் ஒப்பந்த வேலை செய்கிறேன். பழைய சிங்கிள் கேப் பக்கி. ஆட்களின் சாமான், உரம், டீசல் பீப்பாய் ஏற்றினால் பின்னால் தொங்குகிறது. ஆக்ஸிலுக்கும் லீஃபுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினால் கூடப் பாரம் ஏற்றலாம் என்கிறார்கள். செய்யலாமா?" — டொங்காட் வாசகர்

வேண்டாம் ஐயா. கட்டை வைத்தால் வண்டி உயரும், ஸ்பிரிங்குக்குப் பலம் வராது. அதே தளர்ந்த லீஃப், அதே வளைவு, கொஞ்சம் உயரத்தில் நின்று தொங்கும், அவ்வளவுதான். கூடவே ஆக்ஸில் ஸ்பிரிங்கைத் திருகும் நெம்புகோல் நீளமாகிறது. பாரத்தோடு மேட்டில் கிளட்சை விட்டால் லீஃப் எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொண்டு பின்பக்கம் தடதடக்கும். கட்டைமேல் கட்டை அடுக்குவதைப் பற்றி நான் பேசவே மாட்டேன்.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பிரேக். உங்களுடையது போன்ற பழைய பக்கிகள் பலவற்றில் பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்குச் சின்னக் கம்பி ஒன்று போகும். பாரம் ஏறினால் பாடி இறங்கும், கம்பி அதை வால்வுக்குச் சொல்லும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். கட்டை வைத்துத் தூக்கினால் வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். ஒரு டன் சாமானோடு இறக்கத்தில் வருவீர்கள், பின் பிரேக் அரைத் தூக்கத்தில் இருக்கும், முன் டிஸ்க் தனியாக எரியும். எந்த லிஃப்ட் போட்டாலும் அந்தக் கம்பியின் பிராக்கெட்டை அதே அளவுக்கு மாற்றி வைக்க வேண்டும். பிரேக் ஹோஸ் முழுதாக நீளும்போது இழுபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்களுக்குத் தேவை லிஃப்ட் இல்லை. லீஃப் செட்டைப் புதிதாக்கி, வேண்டுமானால் ஒரு லீஃப் கூட்டுங்கள். ஆனால் எத்தனை லீஃப் கூட்டினாலும், கதவோரத் தகட்டில் அடித்திருக்கும் மொத்த எடை வரம்பு ஏறாது. சேஸிஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாம் அந்த எண்ணுக்குச் செய்தவை.

"அண்ணா, டிசம்பர் விடுமுறைக்கு குடும்பத்தோடு சானி கணவாய் ஏறப் போகிறோம். வீட்டுக்காரர் கூரை மேல் மடிப்புக் கூடாரம் வாங்கிவிட்டார். இப்போது லிஃப்ட் இல்லாமல் சானி ஏற முடியாது என்று அடம் பிடிக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர் பின் சீட்டில். நிஜமாகவே வேண்டுமா?" — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

வேண்டாம் தங்கச்சி. மேலே லெசோத்தோ எல்லை 2,876 மீட்டரில் இருக்கிறது, கொண்டை ஊசி வளைவுகள் பயங்கரம், எல்லாம் உண்மை. ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டியை விடவும் மாட்டார்கள். ஆனால் அங்கே கேட்பது லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்), நல்ல டயரும், ஓட்டுகிறவரின் பொறுமையும். கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள பக்கிகள் தினமும் ஏறி இறங்குகின்றன. டயர் காற்றை 1.8 பார் பக்கம் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், கல்லில் பிடிப்பும் கூடும், பிள்ளைகளுக்கு முதுகும் பிழைக்கும். திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். இறங்கும்போது லோ ரேஞ்சில் முதல் கியர், பிரேக்கில் கால் கொஞ்சமாக.

உங்கள் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது கூடாரத்தைப் பற்றி. ஆட்களோடு 2,100 கிலோ வண்டி, மையம் 0.70 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ கூடாரத்தை இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டினால் மொத்த வண்டியின் மையமும் 36 மி.மீ. ஏறிவிடும். அதாவது 50 மி.மீ. லிஃப்ட் போட்டால் வரும் கெடுதலில் பெரும்பகுதி, ஒரு போல்ட்டைக் கழற்றாமலே, ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. இரண்டும் சேர்ந்தால், மேலே சாட்ஸ்வொர்த் தம்பிக்குப் போட்ட அந்த எண் 1-க்கே கீழே போய்விடும். பக்கவாட்டில் சரிந்த பாதையில், கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அப்போது தெரியும். ஒன்று கூடாரம், இல்லையென்றால் லிஃப்ட். பிள்ளைகள் இருக்கிற வண்டியில் இரண்டையும் சேர்த்துப் போட நான் கை வைக்க மாட்டேன். என் பேச்சைக் கேட்டால், கூடாரத்தைப் பின்னால் சாமான் தட்டை மூடும் கேனப்பிக்குள் படுக்கவைத்து, தண்ணீர்க் கேனையும் கேஸ் சிலிண்டரையும் முடிந்தவரை தரையோடு, ஆக்ஸிலுக்கு முன்னால் வைப்பேன். தரைக் கூடாரம் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்று சொல்லிப் பாருங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

"முன்பக்கம் மட்டும் 40 மி.மீ. தூக்கிச் சமப்படுத்தினேன். பார்க்க ஜம்மென்று இருக்கிறது. ஆனால் ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடிக்கிறார்கள்." — பீனிக்ஸ் வாசகர்

அவர்கள் அடிப்பது பாராட்டு இல்லை. பக்கியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து இருப்பது அசிங்கத்துக்காக இல்லை, பாரம் ஏறினால் சமமாக வேண்டும் என்பதற்காக. நீங்கள் காலியாகவே சமப்படுத்திவிட்டதால் ஹெட்லைட் ஏற்கெனவே வானம் பார்க்கிறது, பாரம் ஏறினால் நட்சத்திரம் தேடும். சமதளத்தில் சுவருக்கு முன் நிறுத்தி லைட்டை இறக்கி வையுங்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோடுவர்த்தி சோதனையிலும் இதைப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புது வண்டி என்றால் அதையும் மறுபடி அளவு பார்த்து வைக்க வேண்டும்.

"லிஃப்ட் போட்டதை இன்ஷூரன்ஸில் சொல்ல வேண்டுமா?" — லெனேசியா வாசகர்

சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். சொல்லாமல் விட்டு விபத்தில் சிக்கினால், பணத்தை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

"லிஃப்ட் போட்ட பழைய ஃபோர்ட் ரேஞ்சர் பக்கி ஒன்று விலைக்கு வருகிறது. ஆயாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகவும் அதே வண்டிதான். வாங்கலாமா?" — இசிப்பிங்கோ வாசகர்

ஆயாவுக்காகவே யோசிக்கலாம். சைடு ஸ்டெப் இல்லாமல் அந்த உயரத்துக்கு அவர் முழங்கால் ஏறாது. ஏற்றினால் முன் சீட்டில் உட்கார வையுங்கள், பின் சீட்டைவிடக் குலுக்கல் குறைவு.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு கார்ட்போர்டு கொண்டுபோய்க் கீழே படுத்துப் பாருங்கள். முன்னால் ஸ்பேசரா, ஸ்பிரிங்கா? பின்னால் கட்டையா, லீஃபா? கட்டை என்றால் விலையில் புது லீஃப் செட்டின் காசைக் கழித்துப் பேசுங்கள். முன் டயரின் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டிலும் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தால் கேம்பர் சரியில்லை, ரம்பம் மாதிரி குத்தினால் டோ சரியில்லை. அப்புறம் என்-2-இல் கூட்டிக்கொண்டு போய், கூட்டம் இல்லாத இடத்தில், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தானாக நேராக வர வேண்டும். வரவில்லை என்றால் விற்பவர் சொல்லும் மற்ற எதையும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்து வாங்குவதென்றால், கழற்றிய கம்பெனி ஸ்பிரிங், ஷாக் எல்லாம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கராஜ் மூலையில் கிடக்கும். விலைக்குள் சேர்த்து அதையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.